மாத்திரை விழுங்கிய நாள்

எல்லோரும் தன் கண்ணெதிரே யானைக்கால் மாத்திரையை விழுங்கியதும் நர்ஸ் சொன்னாள்: “காய்ச்சல் அடிச்சா பயப்படாதீங்க. உள்ள இருக்கிற புழு சாகுதுன்னு அர்த்தம்.”

“எங்க வம்சத்துக்கே கிடையாது. புதுசா வந்தவளுக்கு இருந்தா, அப்படியே அவ அப்பன் வீட்டுக்கு பஸ் ஏத்திருவேன்” என்று சிரித்தாள் மாமியார். பூரணிக்குக் கல்யாணமாகி எட்டே நாள்.

சாயங்காலம் அவளுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. ஒளிய வேறு இடமில்லாமல், அடுப்பை ஒட்டி நின்று பல்லைக் கடித்தபடி தோசை வார்த்தாள். மாமனார், கொழுந்தன், புருஷன் என்று ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மாமியார் அடுப்படிக்கு வந்தாள்.

“இங்க திரும்புடி.”

பூரணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நெற்றியில் பதிந்த கை, அவள் நெற்றியைவிடக் கொதித்தது.

“உனக்கும் சில்லுன்னுதான் இருக்கு” என்றாள் மாமியார். கையை மட்டும் எடுக்கவில்லை.