குணசேகரம் வீட்டு ஹைசுங்

"பிள்ளையின்ரை முதல் பிறந்தநாளுக்கு ஊரைக் கூப்பிட்டுப்போட்டு, ஹைசுங்கை நிப்பாட்டி வச்சிருக்கிறார் மனுசன். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறாராம்!"

நித்தியானந்தன் இதைக் குசுகுசுக்கவில்லை. வீட்டுக்காரர் குணசேகரத்தின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னான்.

தவராஜா வேலையால் நேரே வந்தவன், அதனால் பிந்திவிட்டது. உள்ளே கால் வைத்ததும் திக்கென்றது. எண்பத்தேழின் பெப்ரவரிக் குளிரில் சுவிஸின் வில் நகரம் விறைத்துக் கிடக்க, வீட்டைச் சூடாக்குகிற ஹைசுங் நின்றுபோய் உள்ளேயும் அதே கூத்து. பட்டுச்சீலை உடுத்தி வந்த பெண்கள் அதைக் கோட்டால் மூடிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்திருந்தார்கள். ஆண்களும் கோட்டோடு.

பெரிய கதிரையில் விதானையார் தில்லைநாதன். ஊரில் கிராம அதிகாரியாக இருந்த அவரிடம் கையெழுத்துக்குக் காத்து நிற்காத ஆள் அந்த அறையில் இல்லை. போன மாதம்தான் அகதியாக வந்து முகாமில் இருக்கிறார்.

"விதானையாரையும் விறைக்கப் பண்ணிப்போட்டியளே, அண்ணை" என்று குணசேகரத்திடம் சலித்துக்கொண்டாள் தவராஜாவின் மனைவி சுகந்தி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் ஹைசுங் கொம்பனியிலைதானே வேலை. ஒருக்காப் பாருங்கோவன்."

குணசேகரம் அவசரமாகக் குறுக்கே வந்தார். "வேண்டாம், வேண்டாம். நாளைக்கு முதலாளி ஆள் கூப்பிடுவார். நீ சாப்பிடு, தவராஜா."

குணசேகரம் சமையல் செய்கிற ரெஸ்டோரண்டுக்கு மேல்மாடிதான் வீடு; அதுவும் கடை முதலாளியுடையது. கீழே கடை, அதற்கும் கீழே நிலவறையில் பொயிலர்.

"பாத்தியளோ!" நித்தியானந்தன் சிரித்தான். "திருத்தினால் எண்ணெய் எரியுமெல்லோ! இல்லாட்டில் தவராஜாவிலை நம்பிக்கை இல்லைப் போலை. அவன் அங்கை குழாய் தூக்கிறவன்தானே."

அது சுட்டுவிட்டது. குழாய் தூக்கத்தான் சேர்ந்தவன், உண்மை. ஆனால் போன கிழமை கொம்பனி முதலாளி அவனைத் தனியே ஒரு வீட்டுக்கு அனுப்பினார். திருத்திவிட்டும் வந்தான். சொன்னால் யார் நம்புகிறார்கள்? மச்சான்மார் எல்லாம் கூடியிருக்கிற இடம். இன்றைக்குக் காட்டாவிட்டால் வேறெப்போது காட்டுவது?

"பொறுங்கோ. நான் சூடு வரப்பண்ணாட்டில் என்ரை பேரை மாத்திக் கூப்பிடுங்கோ!"

சுடுதண்ணீர் ஓடி அறைக்குச் சூடு தருகிற சுவரோரத்து ரேடியேற்றர்களைத் தடவினான். எல்லாம் சில்லென்று கிடந்தன. காற்று அடைத்திருக்குமோ என்று பையிலிருந்த சின்னத் திறப்பால் திருகினான். காற்று வரவில்லை, தண்ணீர்தான் பீச்சியடித்தது. சரி, பிழை கீழேதான் என்று படியிறங்கினான். "விடு தம்பி, விடு தம்பி" என்று குணசேகரம் பின்னாலேயே வந்தார்.

நிலவறையில் பொயிலர் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. பம்பும் ஓடியது. அட, பிறகென்ன கோதாரி? மேல்வீட்டுக்குப் போகிற குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போனான். சூடு, சூடு, ஒரு வால்வு. அதற்கங்கால் குளிர். வால்வை யாரோ இறுக்கிப் பூட்டியிருந்தார்கள்.

வால்வு தானாகப் பூட்டாது. தவராஜாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"நீங்கள்தானே பூட்டினியள்? நித்தியானந்தன் சொன்னது சரிதான். வெக்கமாயில்லையோ, அண்ணை?"

"ஓம், நான்தான். மெல்லக் கதை." குணசேகரம் கதவைச் சாத்தினார். "விதானையார் வாசலிலை சப்பாத்துக் கழட்டக் குனியேக்கை கோட்டு விரிஞ்சுது. உள்ளுக்கை போட்டிருக்கிறது பொம்பிளையளின்ரை இரவுச் சட்டை. கழுத்திலை றேந்தைப் பின்னல், நெஞ்செல்லாம் றோசாப்பூ."

"என்னது!"

"முகாமிலை சனம் குடுத்த பழைய உடுப்புச் சாக்கிலை, குளிருக்கு மொத்தமாய் இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறார், பாவம். கோட்டு மறைக்குமெண்டு நம்பி வந்திட்டார். விருந்துக்குப் போனால் கோட்டைக் கழட்டவேணுமெண்டு ஊரிலை இருந்து வந்த மனுசனுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுக்கேன் ஹைசுங்கைப் பூட்டினியள்?" என்றான் தவராஜா.

"சனம் வந்த நேரம் மேலை நல்ல சூடு. அவருக்கு வேர்த்து வழியுது. ஆளாளுக்கு, 'கழட்டுங்கோ ஐயா, கழட்டுங்கோ' எண்டு நிக்கினம். நித்தியானந்தன் கோட்டுக் கொலரிலை கையும் வச்சிட்டான். மனுசன் நடுங்கிப்போனார். ஓடிவந்து பூட்டினன், ஆருக்கும் தெரியாமல் பின்னறை ஜன்னலையும் திறந்துவிட்டன். குளிர்ந்தால் எல்லாரும் கோட்டைப் போடுவினமெல்லோ."

"உங்கடை சேட்டு ஒண்டைக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தால் நான் கண்டிட்டன் எண்டு தெரிஞ்சுபோம். பிறகு அவர் என்ரை வாசல்படி மிதிப்பாரோ?"

தவராஜாவின் கை வால்வில் இருந்தது. ஒரு திருகுத் திருகினால் போதும், அவன் மானம் தப்பும். மேலே எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

கையை எடுத்தான்.

"என்ன, என்ஜினியர் ஐயா, சூடு வருதோ?" படி ஏறும்போதே நித்தியானந்தன் கேட்டான்.

"எனக்கு உது பிடிபடேல்லை" என்றான் தவராஜா. "வேலை தெரிஞ்ச ஆள்தான் வரவேணும்."

வீடே கொல்லென்று சிரித்தது. சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். நித்தியானந்தன் அவனுக்குப் புதுப்பெயர் தேடத் தொடங்கிவிட்டான்.

விதானையார் மட்டும் சிரிக்கவில்லை. கதிரையால் எழும்பி வந்து, ஒரு கையால் கோட்டை நெஞ்சோடு பொத்திப் பிடித்தபடி, மற்றக் கையால் தவராஜாவின் முதுகில் தட்டினார்.

"உதுக்கேன் தம்பி முகம் வாடுறாய்? வேலை பழகப் பழக வரும்."