பொட்டலில் ஒரு சோபா

இந்தக் காலத்து ஜனங்களுக்கு உட்காரக்கூட ஒரு கம்பெனிக்காரன் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று முனகிக்கொண்டே மாடக்கண்ணு அந்தச் சிவப்புச் சோபாவில் ஏறி உட்கார்ந்தார். பைபாஸ் ஓரத்துப் பொட்டலில் கம்பெனிக்காரர்கள் அதைப் போட்டு வைத்திருந்தார்கள். போகிற கார்கள் நின்று பார்த்தால் அங்கேயே பெரிய பர்னிச்சர் கடை கட்டுவார்களாம். அப்படித்தான் இடம் பார்க்கிறார்களாம். கட்டினால், பொட்டலில் இருக்கும் அவருடைய குடிசை போய்விடும். ஒருவனும் நிற்கக்கூடாது என்று சேற்றுக்காலைத் தூக்கி மேலே வைத்தார். தோளில் கிடந்த ஈரக் கோவணத்தைச் சாய்மானத்தில் காயப்போட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

கார்கள் வேகம் குறைந்து நின்றன. கண்ணாடியை இறக்கிப் படம் பிடித்தார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கி அவரைக் காட்டினாள்.

கம்பெனி அதிகாரி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரியவரே, எத்தனையோ ஊர்ல போட்டோம், ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல. இனி இந்த இடம்தான்!"

"ஏல கூறுகெட்ட பயலே, அவனுவ என்னையில்லா பாக்கானுவ?"

"யாரைப் பார்த்தா என்ன, நின்னாங்கள்ல?"

மாடக்கண்ணு சாய்மானத்திலிருந்து கோவணத்தை உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"நின்னவன் பூரா வாங்கிருவானாக்கும்!" என்று காறித் துப்பிவிட்டுக் குடிசையைப் பார்த்து நடந்தார். அவர் குனிந்து உள்ளே நுழைவதையும் யாரோ படம் பிடித்தார்கள்.