புழுவுக்கு விட்ட ஓரம்

போன ஆண்டு ஒருநாள் காலை என் கணவர் நல்லமுத்து, வயலோரத்துச் சாதாரணப் பருத்தியில் ஒரு காயைப் பிளந்து, உள்ளே புழுவைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பருத்தி விதையிலேயே புழுவுக்கு விஷம் உண்டு. விஷமில்லாத ஓரத்தில் வளரும் புழு, விஷத்துக்குத் தப்பிய புழுவோடு இணைசேர்ந்தால்தான் விஷத்துக்குச் சாகாத இனம் பெருகாது என்பார்.

அன்று மதியம், புழு தென்பட்ட செடிகளுக்கு மருந்தடிக்க விதை நிறுவனத்தின் ட்ரோன்கள் வந்தன. ஓரத்துப் புழுவைக் காக்க மறித்து நின்ற அவர்மேலும் அடித்தன. அந்த வாரமே இறந்தார்.

இந்த ஆண்டும் ஓரத்தில் சாதாரண விதையே ஊன்றினேன்.

"என்னக்கா, இன்னமும் புழுவுக்குப் பந்தியா?" என்றான் பக்கத்து வயல் வீரசிங்கம்.

"ஆமாண்டா. உன் வயல்ல சாகாத புழு வந்தா, அதுக்குப் பொண்ணு கேட்டு இங்கதான் வரணும்."

"ட்ரோன் வருதுக்கா!"

"வரட்டும்."

ஓரத்தை மறித்து நின்றுகொண்டு ஒரு காயைப் பிளந்தேன். உள்ளே புழு இருந்தது.