பித்தளை பிளக்

மாமியாரின் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த மருமகன், அதில் ஏதாவது ஒரு கோளாறு கண்ணில் படாதா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி போட்டுவிட்டுப் போன உத்தரவு அது. அம்மா இன்றைக்குத் தனியாக மலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகப்போகிறாளாம். எதற்கு என்று கேட்டால் "ஒரு வேலை" என்கிறாளாம்.

"நான் சொன்னா சண்டையில முடியும். நீங்க சொன்னா கேப்பாங்க. வண்டி சரியில்லன்னு எதையாவது சொல்லி நிறுத்துங்க."

அவன் கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்ப்பவன். இன்ஜினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அது முன்பக்கம் இருக்கும் என்பதுதான்.

ஜீப்போ கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய உருப்படி. மாமனார் காலமானபோது அதை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியார் யாருக்கும் பதில் சொல்லாமல் போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார்.

கடைசியில் ரேடியேட்டரின் அடிப்பக்கம் ஒரு கறுப்புத் திருகு தென்பட்டது. தொட்டுப் பார்த்தான். பிளாஸ்டிக். சூட்டில் வெந்து வெந்து வெளுத்து, ஓரத்தில் முடி போல ஒரு விரிசல்கூட விட்டிருந்தது. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"அத்தை, இந்த வண்டியில போக முடியாது. தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கிற பிளக்கு வெறும் பிளாஸ்டிக். மலை ஏத்தத்துல சூடேறினா பொட்டுன்னு விட்டுடும். இன்ஜினே வெந்துபோயிடும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னான். அத்தனையும் உண்மை என்பது அவனுக்கே தெரியாது.

மாமியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த இரண்டு பித்தளை பிளக்குகளை ரப்பர் வாஷரோடு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"கீழ ஒண்ணு, மேல காத்து போறதுக்கு ஒண்ணு. மாத்தணும்னு வாங்கி வெச்சிருந்தேன். நல்லவேளை, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க, மாப்பிள்ளை."

கூடவே ஒரு ஸ்பேனரும் வந்தது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் மறுபடி அடியில் நகர்ந்தான். ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகியதுதான் தாமதம், பிளக்கின் தலை மட்டும் கழன்று கையோடு வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. முதலில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம், எங்கிருந்துதான் அவ்வளவு வந்ததோ, பச்சைத் தண்ணீர் மூஞ்சி, காது, சட்டைக் காலர் என்று ஓர் இடம் விடாமல் நனைத்தது.

"வாயை மூடிக்குங்க, அது விஷம்," என்றபடி மாமியார் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டார்.

மாட்டிக்கொண்ட துண்டை எடுக்க ஸ்பேனர் உதவவில்லை. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும், மூக்குக்கண்ணாடி ஆணி முடுக்குகிற குட்டித் திருப்புளிதான் உதவியது. பல்லில் சிக்கியதைக் குடைகிற மாதிரி பொடிப்பொடியாகக் குடைந்து எடுத்தான். பித்தளையை வைத்துத் திருகினான். பிசகாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது.

இன்னும் அரைச்சுற்று பாக்கி இருந்தது.

அங்கேதான் அவன் கை நின்றது. இப்படியே விட்டால் வாசலிலேயே சொட்டும். பயணம் தள்ளிப்போகும். யாருக்கும் ஒரு கீறலும் விழாது, மனைவியிடமும் நல்ல பேர் கிடைக்கும்.

வண்டிக்கு அடியிலிருந்து பார்க்க, மாமியாரின் கால்கள் மட்டும் தெரிந்தன. புதுச் செருப்பு. ஒரு கால் மற்றதன் மேல் ஏறியது, இறங்கியது. நாலடி போய்த் திரும்பி வந்து நின்றது. மறுபடியும் போனது. எதற்கும் அசராத மனுஷி இப்படிப் பதறி அவன் பார்த்ததே இல்லை.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. அரைச்சுற்றையும் முடித்தான்.

மேல் பிளக் அடம்பிடிக்காமல் கழன்றது. அதைத் திறந்துவைத்து, குமிழ் வருவது நிற்கும்வரை கூலண்ட் என்கிற அந்தப் பச்சைத் தண்ணீரைப் புதிதாக ஊற்றி, இரண்டாவது பித்தளையையும் போட்டு மூடினார்கள். இன்ஜினை ஓடவிட்டு, சூடேறும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

அவனுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. மனைவியிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

மாமியார் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"கையைக் கழுவிட்டு, நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க. நீங்களும் வரணும். பதிவு ஆபீசுல என் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் இல்ல."

மலையில் நிலம் ஏதோ வாங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இதைப் போய் மகளிடம் மறைப்பார்களா?

"என்ன அத்தை அவசரம்? இன்னொரு நாள் அவளையும் கூட்டிக்கிட்டுப் போலாமே."

"அவகிட்ட சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன். இப்ப கிளம்பணும். மாப்பிள்ளை அங்க காத்துக்கிட்டு இருப்பாரு."

அவன் பச்சை சொட்டும் கையோடு அவரைப் பார்த்தான்.

"நான் இங்கதானே இருக்கேன், அத்தை."

மாமியார் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"நான் உங்களைச் சொல்லல, மாப்பிள்ளை."