ஷோயபின் முக்கால் நொடி

ஷோயபின் பேச்சு முக்கால் நொடிக்குள் முடிந்துவிடும். அதற்காக அவன் நான்கு நாட்களாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான்.

மயிலாப்பூரில் நடக்கும் அந்த மாலை நேர நிலவியல் வகுப்பில் மொத்தம் ஏழு பேர். டைனோசர்கள் அழிந்த பிறகு கடந்துபோன ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளும் ஏழு காலங்கள்தான். ஆளுக்கொரு காலம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டார் ஆசிரியை ஹம்சா.

"பத்து லட்சம் வருஷத்துக்கு ஒரு நிமிஷம். உங்க காலம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நேரம் பேசணும். காலம் முடிஞ்சதும் மணி அடிப்பேன். அதுக்கு முன்னாடி உட்கார்ந்தா சர்ட்டிஃபிகேட் கிடையாது" என்றார்.

ஷோயபுக்கு அந்தச் சர்ட்டிஃபிகேட் வேண்டும். அடையாறில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் மண் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் அவன். சர்ட்டிஃபிகேட் இருந்தால் ஆய்வக மேசைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சீட்டைப் பிரித்தான். இயோசீன். இருபத்திரண்டு நிமிடம்.

பக்கத்து நாற்காலியில் ஸ்ரீவத்சன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தான். "ஹோலோசீன்டா! வெறும் பதினோராயிரத்து எழுநூறு வருஷம். கணக்குப் போட்டா முக்கால் நொடிகூட வரலை. ஆத்துல எல்லாரும் என் பேச்சைக் கேக்க வரேன்னு சொல்லிண்டிருக்கா."

ஷோயப் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "மாத்திக்கலாமா மச்சி? உன் ரெக்கார்ட் நோட்டுல படம் எல்லாம் நானே வரைஞ்சு தரேன்."

"எல்லாமுமா?"

"அட்டை போட்டு லேபிளும் ஒட்டித் தரேன்."

சீட்டுகள் கைமாறின.

அன்றிரவே திருவல்லிக்கேணி வீட்டில் ஷோயப் கோடு கிழித்து அட்டவணை போட்டான். காலத்தின் பெயர், தொடக்கம், முடிவு. ஆறு வரிகளும் நிரம்பின. ஏழாவது வரியில் முடிவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று நினைத்து, ஒரு சிறு கோடு போட்டு வைத்தான்.

பிறகு கைபேசியில் நொடி பார்த்தான். 'வணக்கம்' சொல்ல ஏறக்குறைய ஒரு நொடி ஆனது. 'நன்றி' அரை நொடியில் முடிந்தது. நன்றியையே வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மாலை அறை நிறைந்துவிட்டது. பேலியோசீன் பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்து ஸ்ரீவத்சன், காலோடு தரையில் நடந்த ஆதித் திமிங்கிலங்கள் கடலுக்குள் இறங்கிய கதையைச் சொல்லி வெளுத்து வாங்கினான். இருபத்திரண்டாவது நிமிடத்தில் மணி அடித்தபோது அவன் பதறினான்.

"மேடம், திமிங்கிலம் இன்னும் முழுசா கடலுக்குள்ள போகலை!"

"கால் இருக்கே, தானா நடந்து போய்க்கும். உட்காருங்க."

ஒலிகோசீன், மயோசீன், பிளியோசீன், பிளைஸ்டோசீன். ஒவ்வொருவருக்கும் மணி அடித்தது, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மணி மொத்தம் ஆறு முறை அடித்தது.

"ஹோலோசீன், ஷோயப்."

கை தட்டினார்கள். ஷோயப் முன்னால் போய் நின்றான். முதல் வரிசையில் ஸ்ரீவத்சன் வீட்டார் பன்னிரண்டு பேர் அவனையே பார்த்தார்கள். பரவாயில்லை, அரை நொடிதான்.

"நன்றி" என்றான்.

மணிக்காகக் காத்திருந்தான். ஒரு நொடி போயிற்று. பத்து நொடி போயிற்று. ஹம்சா மேடம் மணியை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மேடம்... மணி?"

"நாமெல்லாம் இன்னும் ஹோலோசீன்லதானே இருக்கோம் ஷோயப், பேசுங்க."