கவிழ்த்தாலும் விழாதது

அந்த ஆய்வகத்தில் சோதனை என்பது சின்னக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான். பெப்டைடு எனப்படும் புரதத் துணுக்குகளில் இரண்டு வகை; தனித்தனியே கரைத்தால் தண்ணீராகவே கிடக்கும். கலந்துவிட்டால் மூலக்கூறுகள் தாமாகவே கைகோத்து ஜெல்லாகிவிடும், கவிழ்த்தாலும் விழாது. ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது குப்பியில் வெறும் தண்ணீர் இருக்கும்.

“மாமா, தண்ணியும் விழ மாட்டேங்குது,” என்றான் மைத்துனன்.

விஞ்ஞானிக்குச் சிரிப்புகூட வரவில்லை. பெண்டாட்டி அழுது மூக்கைச் சிந்தியதால்தான் இந்த மண்ணாந்தையை வேலைக்குச் சேர்த்திருந்தார்.

“தண்ணிக்கும் ஜெல்லுக்கும் வித்தியாசம் தெரியல. இதுல வெள்ளைக் கோட்டு வேற ஒரு கேடு!”

குப்பியைப் பிடுங்கி ஆட்டினார். சளசளத்தது. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாதுதான். ஆனாலும் அவனுக்கு உறைக்க வேண்டுமே. அவனை முறைத்தபடியே பாதியைக் குடித்தார்.

“வெறும் தண்ணிடா, முட்டாள்!”

மீதியைக் கவிழ்த்தார். விழவில்லை.

தொண்டையில் ஏதோ கனத்தது. இருமினார். இருமி இருமிக் கண்ணில் நீர் முட்டியது. முட்டியது அப்படியே நின்றது.

மைத்துனன் அவர் கண்களை உற்றுப் பார்த்தான்.

“மாமா, கொஞ்சம் தலையைக் கவுத்துங்க.”

கவிழ்த்தார். விழவில்லை.