சிவப்புப் பொட்டு

ஆன்லைனில் பழைய பிரேக் சிலிண்டர் விற்றவர், யாரும் பொருளை மாற்றித் திருப்பிவிடக் கூடாதென்று அதில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். வாங்கியவரோ கில்லாடி. அதைத் தன் காரில் மாட்டிக்கொண்டு, கழற்றிய ஒழுகல் சிலிண்டரில் மகளின் நெயில் பாலிஷால் அதே பொட்டை வைத்துத் திருப்பி அனுப்பினார்.

"சார், நான் நல்லதைத்தானே அனுப்பினேன்?" என்று விற்றவர் போனில் புலம்பினார்.

"பொட்டு உன்னுதுதானே? பணத்தை அனுப்பு. இதை வேற எவன் தலையிலயாவது கட்டிடு!"

மறுவாரம் மகள் தன் காரிலிருந்து போனில் பேசினாள்.

"அப்பா, மெக்கானிக் பிரேக்கைச் சரி பண்ணிட்டார். என் காரும் உங்க மாடல்தானே, ஆன்லைன்ல பழைய சிலிண்டரே சல்லிசா கிடைச்சுதாம். அதுல என் நெயில் பாலிஷ் கலர்லயே ஒரு பொட்டுப்பா!"

"ஐயோ, வண்டியை நிறுத்தும்மா!"

"இறக்கத்துல வந்துட்டு இருக்கேன், இருங்க... அப்பா, பிரேக் மிதிக்க மிதிக்க உள்ளேயே போகுதுப்பா!"